பெர்னாண்டோங்கிற பேர் உங்க வீட்டுக்கு எப்படி வந்துச்சுன்னு கண்டுபிடிக்கிறது எப்படி

எங்க தெருவுல மட்டும் இந்தப் பேர்ல நாலு வீடு இருக்கு, நாலு வீட்டுக்கும் ஒருத்தருக்கொருத்தர் சொந்தமே கிடையாது. ஒரு வீடு மணப்பாட்டுல இருந்து ஹார்பர் வேலைக்கு வந்தவங்க. இன்னொன்னு பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ்ல இருந்த ஆங்கிலோ இந்தியன் குடும்பம், அவங்க பெர்னாண்டஸ்னு எழுதுவாங்க. மூணாவது வீடு சிலோன்ல இருந்து திரும்பி வந்தவங்க. நாலாவது நாங்க. எங்க தாத்தா சாகுற வரைக்கும் "நம்ம முப்பாட்டன் போர்ச்சுகல் கப்பல்ல வந்தவரு"ன்னு சொல்லிட்டே இருந்தாரு. அதை நம்பித்தான் நான் தேட ஆரம்பிச்சேன். மூணு வருஷம் சர்ச்சுங்கள்ல இருக்குற பங்கு ஆபீஸ் பங்கு ஆபீஸா ஏறி இறங்குனதுல கப்பல்ல வந்த ஆள் யாரும் கிடைக்கல, தூத்துக்குடி பக்கம் புன்னக்காயல்ல கடல் தொழில் பார்த்த ஒருத்தர் பேர் கிடைச்சுது. அந்தப் பேரை பழுப்பேறுன பேப்பர்ல பார்த்தப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

இப்ப ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் நிறைய பேர் "எங்க வீட்டுக்கும் பார்க்கணும், எங்க ஆரம்பிக்கிறது"ன்னு கேக்குறாங்க, அதனால தெரிஞ்சதை வரிசையா எழுதுறேன். பெரேரா, கோமஸ், கொஸ்தா, மிராண்டா, டிக்ரூஸ் எந்தப் பேரா இருந்தாலும் தேடுற வழி இதேதான், நான் எங்க பேரை வச்சு சொல்றேன்.

முதல்ல பேரைப் புரிஞ்சுக்கோங்க, இதை விட்டுட்டு நேரா ரெஜிஸ்டருக்குப் போனா தப்பான ஆளைத் தாத்தான்னு நினைச்சுட்டு வந்துடுவீங்க. பெர்னாண்டோங்கிறது அடிப்படையில ஸ்பானிஷோ போர்ச்சுகீசோ கூட இல்ல, ஜெர்மானிய வேர்ல இருந்து வந்த பேர். ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்தை 5ஆம் நூற்றாண்டுல இருந்து 711 வரைக்கும் விசிகாத்துன்னு ஒரு ஜெர்மானிய இனத்துக்காரங்க ஆண்டாங்க, அவங்க பாஷைப் பேர்கள் அங்க அப்படியே தங்கிடுச்சு. பேரோட பின்பாதிக்கு தைரியம்னு அர்த்தம், முன்பாதியை சமாதானம்னும் சொல்றாங்க, பயணம்னும் சொல்றாங்க. அந்த ஊர்ல ராஜாக்களே நிறைய பேர் இந்தப் பேர் வச்சிருந்தாங்க, அதுல 1217ல இருந்து 1252 வரைக்கும் ஸ்பெயின்ல இருந்த காஸ்டீல் ராஜ்யத்தை ஆண்ட மூணாம் பெர்னாண்டோவை 1671ல புனிதரா அறிவிச்சாங்க.

இன்னொரு விஷயம், எனக்கு இது தெரிஞ்சப்ப சிலிர்த்துப் போச்சு. செவ்வாய்க்கிழமை ஆனா அரண்மனைக்காரன் தெருவுல நம்ம போய் மெழுகுவர்த்தி ஏத்துற அந்தோணியாருக்கு ஞானஸ்நானத்துல வச்ச பேர் பெர்னாண்டோ. 1195 வாக்குல லிஸ்பன்ல பிறந்தவரு, சந்நியாசத்துக்குப் போனப்புறம்தான் அந்தோணின்னு மாத்திக்கிட்டாரு. பதுவைங்கிற இத்தாலி ஊர்ல இறந்ததால பதுவை அந்தோணியார்னு சொல்றோம், பிறந்தது போர்ச்சுகல்தான்.

சரி, இது முதல் பேரா இருந்து எப்படி குடும்பப் பேர் ஆச்சு? அங்க பழைய வழக்கம் என்னன்னா அப்பா பேரோட ஒரு வால் சேர்த்து பிள்ளைக்கு வைப்பாங்க. அந்த வால் ஸ்பெயின்ல ez, கடைசி எழுத்து இசட், போர்ச்சுகல்ல es, கடைசி எழுத்து எஸ். பெர்னாண்டோ மகன் பெர்னாண்டஸ், ரோட்ரிகோ மகன் ரோட்ரிகஸ், கொன்சாலோ மகன் கொன்சாலஸ். நம்ம இனிஷியல் மாதிரியேதான், நம்ம முன்னாடி போடுறோம் அவங்க பின்னாடி போட்டாங்க. அப்புறம் அது ஒரு கட்டத்துல உறைஞ்சு போய் தலைமுறை தலைமுறையா அதே பேர் வர ஆரம்பிச்சுது. காஸ்டீல் பக்கம் வார்த்தை ஆரம்பத்துல வர்ற ஃப சத்தம் போயிட்டதால இதே பேர் எர்னாண்டஸ்னும் ஆச்சு, மெக்சிகோவுல இன்னைக்கு அதிகமா இருக்குற குடும்பப் பேர் அதுதான். ஸ்பெயின்ல பெர்னாண்டஸ் முதல் அஞ்சு இடத்துக்குள்ள வரும், முதல் குடும்பப் பேரா மட்டுமே 9 லட்சம் பேர்கிட்ட இருக்கு, வடக்குல அஸ்தூரியாஸ் பக்கம் ரொம்ப அடர்த்தி. கோவா போனீங்கன்னா கடை போர்டு முழுக்க பெர்னாண்டஸ்.

இப்ப நல்லா கவனிங்க, நம்ம கேஸுக்கு முக்கியமான துப்பு இங்கதான் இருக்கு. ஸ்பெயின்லயும் போர்ச்சுகல்லயும் வால் இல்லாம வெறும் பெர்னாண்டோன்னு இருந்தா அது பொதுவா முதல் பேர். அதே வெறும் பெர்னாண்டோ குடும்பப் பேரா கும்பல் கும்பலா இருக்குறது தூத்துக்குடி கரையிலயும் இலங்கையிலயும்தான். நீர்கொழும்பு, மொறட்டுவை பக்கம் போனா பெர்னாண்டோ இல்லாத தெரு இருக்காது, அதுல புத்த மதத்துக்காரங்களும் நிறைய. அப்ப உங்க பேர் ஓ-ல முடிஞ்சா அது ஐரோப்பாவுல இருந்து பெட்டியில எடுத்துட்டு வந்த பேரா இருக்குறதை விட, இங்க கடற்கரையில ஒருத்தருக்கு வச்ச பேரா இருக்கத்தான் வாய்ப்பு ஜாஸ்தி.

வச்சது எப்போ? 1530கள்ல தூத்துக்குடி கரையோரம் முத்துக்குளித்துறைன்னு சொல்ற பக்கத்துல கடல் தொழில் பார்த்த பரதவங்களுக்கு முத்து வியாபாரத்துல பெரிய நெருக்கடி, போட்டியில அடிதடி, உயிருக்கே ஆபத்து. அப்ப ஜோவாவோ த க்ரூஸ்னு ஒரு குதிரை வியாபாரி, அவரும் நம்ம நாட்டுக்காரரு, கோழிக்கோட்டுல இருந்து போய் கிறிஸ்தவரானவரு, அவரு சொன்ன யோசனைப்படி ஊர்ப் பெரியவங்க கொச்சிக்குப் போய் போர்ச்சுகீசு பாதுகாப்பு கேட்டாங்க. 1535ல இருந்து 1537க்குள்ள கரையோரம் ஊர் ஊரா ஞானஸ்நானம் நடந்துச்சு, கிட்டத்தட்ட 20,000 பேர்னு சொல்வாங்க. சவேரியார் வந்தது அதுக்கப்புறம், 1542ல, அவரு வந்து பார்த்தப்ப இவங்களுக்குப் பேர் இருந்துச்சு, செபம் சொல்லிக் குடுக்க ஆள் இல்ல. ஞானஸ்நானம் குடுக்குறப்ப ஞானத்தகப்பனா (காட்ஃபாதர்) நின்னவங்க பேர், கேப்டன் பேர், சாமியார் பேர்னு வச்சாங்க. 1658ல டச்சுக்காரங்க தூத்துக்குடியைப் பிடிச்சாங்க, போர்ச்சுகீசு ஆட்சி போச்சு, பேர் தங்கிடுச்சு.

அதனால பேரைப் பார்த்து ரத்தம் இதுன்னு முடிவு பண்ணாதீங்க. பிலிப்பைன்ஸ்ல 1849ல ஸ்பெயின் கவர்னர் கிளாவெரியா ஒரு பெரிய பேர்ப் பட்டியலையே அனுப்பி ஊர் ஊரா குடும்பங்களுக்கு குடும்பப் பேர் குடுத்தாரு, அங்க ஸ்பானிஷ் பேர் இருக்குறவங்க எல்லாம் ஸ்பெயின்காரங்க இல்ல. காசிமேட்டுல விடியக்காலையில மீன் ஏலம் கூவுறாங்கல்ல, அந்த ஏலங்கிற வார்த்தையே போர்ச்சுகீசு, சாவி, ஜன்னல், அலமாரி, மேஸ்திரி எல்லாம் அப்படி வந்ததுதான். வார்த்தை வந்த மாதிரி பேரும் வந்துச்சு.

இப்ப வேலைக்கு வருவோம். ஒரு அன்ரூல்டு நோட்டு வாங்குங்க, போன்ல எழுதாதீங்க, பெரியவங்க போனைப் பார்த்தா பேச்சை சுருக்கிடுறாங்க. முதல்ல வீட்டுல இருக்குற வயசான ஆயாகிட்ட உக்காருங்க. "நம்ம பூர்வீகம் எது"ன்னு கேக்காதீங்க, அதுக்கு எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வாங்க, தூத்துக்குடின்னு. அதுக்குப் பதிலா உங்க கல்யாணத்துக்கு ஓலை (கல்யாண அறிவிப்பு) எந்தக் கோயில்ல வாசிச்சாங்க, உங்க மாமியார் எந்த ஊர்த் திருவிழாவுக்குப் போவாங்க, உங்களுக்கு ஞானத்தாய் யாரு, தாத்தாவை எங்க அடக்கம் பண்ணாங்க, வீட்டுல எந்த மாதா படம் மாட்டியிருந்தாங்கன்னு கேளுங்க. வெறும் தூத்துக்குடின்னு சொன்னவங்க திருவிழான்னு கேட்டதும் வீரபாண்டியன்பட்டினம், வேம்பார், பெரியதாழைன்னு சரியான ஊரைச் சொல்லிடுவாங்க. எங்க ஆயா அப்படித்தான், சாம்பார் கொதிக்கிறப்ப போற போக்குல "உங்க தாத்தாவோட அப்பாரு புன்னக்காயல் சூசையப்பர் சப்பரம் தூக்குனவரு"ன்னாங்க, அந்த ஒரு வரிதான் எனக்கு மூணு வருஷத்தை மிச்சம் பண்ணுச்சு, இல்லன்னா ஆறு வருஷம் ஆகியிருக்கும்.

அப்புறம் வீட்டுல இருக்குற பேப்பர் எல்லாத்தையும் எடுத்து பேர் எப்படி எழுதியிருக்குன்னு பாருங்க. பெர்னாண்டோ, பெர்ணான்டோ, பர்னாந்து, பெர்னாந்து, பர்னாந்தோ, எல்லாமே ஒண்ணுதான். ஆர்மேனியன் ஸ்ட்ரீட்டையே அரண்மனைக்காரன் தெருவா மாத்துன ஜனங்க நம்ம, ஒரு பேரை விட்டு வைப்போமா. ஆனா அதுலயும் துப்பு இருக்கு, பர்னாந்துன்னு எழுதியிருந்தா எழுதுனவங்க தெற்குக் கரை ஆளுங்கன்னு யோசிக்கலாம். பெர்னாண்டஸ்னா ஆங்கிலோ இந்தியன், கோவா, மங்களூர் பக்கம் பாருங்க. கடைசி எழுத்து இசட்டா எஸ்ஸான்னு வச்சு ஸ்பெயினா போர்ச்சுகலான்னு மட்டும் முடிவு பண்ணிடாதீங்க, பழைய போர்ச்சுகீசு எழுத்துலயே இசட் போட்டாங்க, வெள்ளைக்கார கிளார்க்குங்க காதுல விழுந்தபடி எழுதுனாங்க. இன்னொரு சிக்கல் நம்ம இனிஷியல். தாத்தா பேர் பெர்னாண்டோன்னு முடியும், ஸ்கூல்ல சேர்க்குறப்ப வாத்தியார் அதை எஃப்னு ஒரே எழுத்தா ஆக்கிடுவாரு, அடுத்த தலைமுறையில அதுவும் போய் அப்பா பேர் இனிஷியலா வந்துடும். அதனால இன்னைக்கு பேர்ல பெர்னாண்டோ இல்லாத சித்தப்பா வீட்டையும் விட்டுடாதீங்க, பழைய சர்டிபிகேட் அவங்க பீரோவுலதான் இருக்கும்.

அடுத்தது பங்கு ஆபீஸ். இதுதான் உண்மையான வேலை. ஞானஸ்நானத்தையும் கல்யாணத்தையும் புக் போட்டு எழுதணும்னு 1563ல திரெந்து சங்கம்ங்கிற கத்தோலிக்க ஆயர்கள் கூட்டத்துல சட்டமே போட்டாங்க, ஞானத்தகப்பன் ஞானத்தாய் பேரையும் எழுதணும்னு அப்பவே இருக்கு, ஏன்னா ஞான உறவுக்குள்ள கல்யாணம் கூடாதுன்னு இருந்துச்சு. நமக்கு லட்டு மாதிரி இந்த வசதி. இன்னொரு நல்ல விஷயம், ஒருத்தருக்கு கல்யாணம் ஆனா அந்தத் தகவலை அவர் ஞானஸ்நானம் வாங்குன கோயிலுக்கு அனுப்பி அங்க ஓரத்துல எழுதுவாங்க. அதனால தாத்தாவோட கல்யாணப் பதிவு ராயபுரத்துல கிடைச்சா, அதுல அவர் ஞானஸ்நானம் வாங்குன பங்கு எதுன்னு இருக்கும், அந்த ஊருக்குப் போனா அவங்க அப்பா அம்மா பேர் இருக்கும், அந்த அப்பா அம்மா கல்யாணம் அதே ஊர்ல இருக்கும். இப்படியே ஏணி மாதிரி ஒவ்வொரு படியா ஏறணும். ரெண்டு படியைத் தாண்டிக் குதிக்காதீங்க, ஒரே ஊர்ல அந்தோணி பெர்னாண்டோ பத்து பேர் இருப்பாங்க, அம்மா பேரும் ஞானத்தாய் பேரும் ஒத்துப் போகாம எந்த ஆளையும் எழுதிக்காதீங்க.

எந்தப் பங்குன்னு எப்படித் தெரியும்? நீங்க இப்ப போற கோயிலா இருக்கணும்னு அவசியம் இல்ல. அந்தக் காலத்துல வட சென்னைக்காரங்களுக்கு ராயபுரம் ராயப்பர் கோயில், ஊருக்கே ராயப்பர் பேர்லதான் பேர், அப்புறம் ஜார்ஜ் டவுன்ல அரண்மனைக்காரன் தெரு, போர்ச்சுகீஸ் சர்ச் தெருன்னு கோயில்கள் இருந்துச்சு. இதுல ஒண்ணு தெரிஞ்சு வச்சுக்கோங்க, 1952 வரைக்கும் சென்னையில ரெண்டு மறைமாவட்டம் (ஒரு பிஷப்புக்குக் கீழ வர்ற பகுதி) தனித்தனியா இருந்துச்சு, ஒண்ணு 1606ல போர்ச்சுகீசு ராஜாவோட ஆதரவுல ஆரம்பிச்ச மயிலாப்பூர், இன்னொண்ணு ரோமைக்கு நேரடியா கட்டுப்பட்ட மெட்ராஸ். ஒரே ஏரியாவுல ரெண்டு பேர் கோயிலும் இருக்கும். அதனால வீட்டுக்குப் பக்கத்துக் கோயில்ல இல்லன்னா பேர் இல்லைன்னு அர்த்தம் இல்ல, அடுத்த கோயில்ல கேளுங்க.

போறப்ப சில விஷயம். டிசம்பர்லயும் தவக்காலத்துலயும் போகாதீங்க, ஃபாதருக்கு மூச்சு விட நேரம் இருக்காது. வாரநாள்ல காலையில பத்து மணிக்கு மேல போங்க. பேர், அப்பா பேர், அம்மா பேர், சுமாரான வருஷம் எல்லாம் எழுதி ஒரு லெட்டரா குடுங்க, வாயில சொன்னா கிளார்க் அண்ணன் மறந்துடுவாரு. புக்கை உங்க கையில குடுக்க மாட்டாங்க, போட்டோ எடுக்கவும் பெரும்பாலும் விட மாட்டாங்க, அதுல மத்தவங்க குடும்ப விஷயமும் இருக்கும்ல, அதுல நியாயம் இருக்கு. ஆனா பதிவை சர்டிபிகேட்டா எழுதிக் கேட்டா குடுப்பாங்க, கேக்குறப்ப ஓரக் குறிப்பையும் ஞானப்பெற்றோர் பேரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்க, சொல்லலைன்னா விட்டுடுவாங்க. நான் போன ஒரு கோயில்ல மழைத்தண்ணி உள்ள வந்து பழைய புக் ரெண்டு அட்டையோட ஊறிப் போச்சுன்னு சொன்னாங்க, அன்னைக்கு ராத்திரி எனக்கு சோறு இறங்கல. அப்படி ஆனா புதுநன்மை (ஃபர்ஸ்ட் கம்யூனியன்) புக், உறுதிபூசுதல் (கன்ஃபர்மேஷன்) புக், அடக்கப் பதிவு இருக்கான்னு கேளுங்க, காசிமேடு கல்லறையில குடும்பக் கல்லு இருந்தா அதுல இருக்குற பேரையும் தேதியையும் எழுதிக்கோங்க.

பழைய புக் லத்தீன்லயும் இருக்கும் போர்ச்சுகீசுலயும் இருக்கும், பயப்படாதீங்க, பத்து வார்த்தை தெரிஞ்சா போதும். லத்தீன்ல பாப்திசாவின்னா ஞானஸ்நானம் குடுத்தேன், ஃபீலியுஸ் மகன், ஃபீலியா மகள், பத்ரீனுஸ் ஞானத்தகப்பன், மத்ரீனா ஞானத்தாய். போர்ச்சுகீசுல ஃபில்யு, ஃபில்யா, பத்ரீன்யு, மத்ரீன்யா, கிட்டத்தட்ட ஒண்ணுதான். இதை விட பெரிய பொறி முதல் பேர்ல இருக்கு. வீட்டுல ராயப்பன்னு கூப்பிட்டவரை புக்ல பேத்ருஸ்னு எழுதியிருப்பாங்க. சின்னப்பன்னா பவுலுஸ், அருளப்பன்னா யோவான்னெஸ், முடியப்பன்னா ஸ்தெஃபானுஸ், சந்தியாகுன்னா யாக்கோபுஸ், சூசைன்னா யோசேஃபுஸ், ஞானப்பிரகாசம்னா அலோய்சியுஸ். நான் சந்தியாகு பெர்னாண்டோவை ஒன்றரை வருஷம் தேடுனேன், அவரு யாக்கோபுஸா அதே பக்கத்துல இருந்தாரு. சந்தியாகுங்கிறதே ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்து சாந்தியாகோதான்.

கிடைச்ச ஒவ்வொரு பதிவுலயும் ஞானத்தகப்பன் பேரை தனிப் பக்கத்துல எழுதுங்க. ரெண்டு மூணு தலைமுறைக்கு அதே குடும்பம் மாத்தி மாத்தி ஞானத்தகப்பனா வந்தா அவங்க உங்க சொந்தமோ ஒரே படகுக்காரங்களோதான். ஒரு பங்குல வழி அடைச்சா அந்த வீட்டை வச்சு வேற ஊர்ல வழி திறக்கும்.

ஆங்கிலோ இந்தியன் வீடா இருந்தா உங்க வழி கொஞ்சம் வேற. 1640 வாக்குல வெள்ளைக்காரன் கோட்டை கட்டுனப்ப சாந்தோம்ல இருந்த போர்ச்சுகீசு குடும்பங்களும் கலப்புக் குடும்பங்களும் நிறைய இந்தப் பக்கம் வந்து குடியேறுனாங்க, உங்களுக்கு நிஜமாவே கப்பல்ல வந்த ஒருத்தர் இருக்கலாம். லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில மெட்ராஸ் மாகாணத்து ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கப் பதிவுகள் என்/2ன்னு ஒரு வரிசையில இருக்கு. ஃபிபிஸ்னு ஒரு சங்கத்தோட வெப்சைட்ல இலவசமா பேர் தேடலாம், ஃபேமிலி சர்ச் (FamilySearch)ங்கிற வெப்சைட்லயும் கணக்கு ஆரம்பிச்சா இலவசம். ரயில்வேல வேலை பார்த்தவங்கன்னா சர்வீஸ் புக், பென்ஷன் பேப்பர் வீட்டுல இருக்கான்னு முதல்ல பாருங்க. சிலோன் வழின்னா பெர்னாண்டோவுக்கு முன்னாடி வர்ணகுலசூரிய மாதிரி ஒரு நீளமான பேர் இருந்துச்சான்னு கேளுங்க, அங்க வம்சத்தை அந்த முன்பேர்தான் சொல்லும், பெர்னாண்டோவை வச்சு தேடுனா கடல்ல ஊசி தேடுற கதைதான்.

நெட்ல பெர்னாண்டோ குடும்பச் சின்னம்னு கேடயம் சிங்கம் போட்டு பிரேம் பண்ணி விக்கிறாங்க, தயவுசெஞ்சு வாங்காதீங்க. சின்னத்தை ஒரு ஆளுக்கோ அவர் வாரிசுக்கோ குடுப்பாங்க, பேர் ஒண்ணா இருக்குற எல்லாருக்கும் அது சொந்தம் இல்ல. டிஎன்ஏ டெஸ்டும் உடனே வேணாம், அப்பா வழி டெஸ்ட் உங்க எட்டு கொள்ளுத் தாத்தா பாட்டிங்கள்ல ஒரே ஒரு கோட்டை மட்டும்தான் காட்டும். அந்தக் காசுக்கு தூத்துக்குடிக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல குடும்பமா போயிட்டு வரலாம், ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழா சமயம் போனா பழைய ஊர்க்காரங்க எல்லாரும் அங்கதான் இருப்பாங்க, பேர் சொல்லிக் கேட்டா அவங்களே கூட்டிட்டுப் போவாங்க.

கடைசியா ஒண்ணு, இது தேடுறவங்க மறந்துடுற வேலை. பேரை எப்படி எழுதுறதுன்னு வீட்டுல உக்காந்து பேசி ஒரே ஸ்பெல்லிங் முடிவு பண்ணுங்க. எங்க வீட்டுல அண்ணன் பிள்ளைக்கு ஓ, எனக்கு யூ, தங்கச்சிக்கு பேரே காணோம், நாளைக்கு பாஸ்போர்ட் எடுக்குறப்பவே சிக்கல், நூறு வருஷம் கழிச்சு தேடுறவனுக்கு எவ்வளவு கஷ்டம். பிள்ளை பிறந்து சர்டிபிகேட் பேர் இல்லாம வாங்கியிருந்தா 15 வருஷத்துக்குள்ள மாநகராட்சியில பேர் சேர்த்துக்கலாம், சேர்க்குறப்ப ஞானஸ்நான புக்ல எப்படி இருக்கோ எழுத்துக்கு எழுத்து அப்படியே குடுங்க. நோட்டை ஒரு ஜெராக்ஸ் எடுத்து ஊர்ல இருக்குற சித்தப்பா வீட்டுலயும் ஒண்ணு வச்சிடுங்க, நம்ம ஏரியாவுல மழை வந்தா முதல்ல நனையுறது பீரோவோட கீழ்த்தட்டுதான்.